வருஷத்துக்கு ஒன்பது பிள்ளை

கண்ணையன் மாடசாமிக்கு ஐயாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். அது பந்தயத்தில் தோற்ற பணம். அப்படியொரு கடன் இருப்பது மாடசாமிக்கே தெரியாது. கண்ணையனுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று டிப்பரும் ஒரு ஹாலோ பிளாக் பட்டறையும் வைத்திருக்கிற மனுஷன், அந்த ஐயாயிரத்தைக் கொடுக்க மனசு வராமல் மூன்று வாரம் தெரு மாறி நடந்தார்.

கண்ணையன் யாரென்று மேட்டுக்காலனியில் யாரும் கேட்கத் தேவையில்லை. கேட்பதற்கு முன்னாலேயே அவர் சொல்லிவிடுவார். வளையமாதேவிப் பக்கம் அடுத்தவன் வயலில் நடவும் அறுப்புமாகக் காலம் தள்ளிய குடும்பம். மூன்றாம் வகுப்பு படித்தார், அதுவும் முழுசாக இல்லை. பதினேழு வயதில் நெய்வேலிக்குக் கான்ட்ராக்ட் கூலியாக வந்தார். சுரங்கத்தில் மேல்மண் ஏற்றிப் போகும் டிப்பர்களுக்கு நடைக் கணக்கு வைக்கிற வேலை கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் எல்லாம் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே கண்ணசந்து போவான். கண்ணையன் இடது சட்டைப்பை நிறையக் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு நிற்பார். வண்டி ஒன்று கடந்தால் ஒரு கல் வலது பைக்கு மாறும். ஒரு ஷிப்டில் நூற்றைம்பது நடை போனாலும் அவர் கணக்கில் ஒரு நடை கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. அந்தக் கல்லிலிருந்துதான் சொந்த டிப்பர் வந்தது, பிறகு இன்னும் இரண்டு, பிறகு பட்டறை. கையெழுத்துப் போடத் தெரியும். "அதுக்கு மேல எழுதறதுக்குத்தான் சம்பளம் குடுத்து ஆளு வச்சிருக்கனே" என்பார்.

மேட்டுக்காலனி பல ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்த இடம். சுரங்கத்துக்கு நிலத்தையும் வீட்டையும் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பாதி. குவார்ட்டர்ஸ் கிடைக்காத கான்ட்ராக்ட் ஆட்கள் கால்வாசி. ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலிபண்ணிவிட்டு, சொந்த ஊருக்குப் போக மனசில்லாமல் இங்கேயே மனை வாங்கியவர்கள் மிச்சம். இத்தனை பேருக்கும் சேர்த்து இருப்பது எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளி. ஐந்து அறை, நூற்றெண்பத்தெட்டுப் பிள்ளைகள். ஏழாவதும் எட்டாவதும் ஒரே அறையில் முதுகுக்கு முதுகு உட்கார்ந்திருக்கும். ஏழாவதுக்குக் கேள்வி கேட்டால் எட்டாவதும் கை தூக்கும். இரண்டாம் வகுப்பு வராந்தாவில். மழை வந்தால் சத்துணவுக் கூடத்தில், சாம்பார் வாசனையில்.

மார்ச் கடைசியில் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டினார் தலைமை ஆசிரியை கண்ணகி. பள்ளிக்கு ஜன்னல் கம்பியும் தண்ணீர்த் தொட்டியும் வாங்கிக் கொடுத்த புரவலர் என்பதால் கண்ணையனுக்கும் குழுவில் ஒரு நாற்காலி உண்டு. மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. ஜூனில் எத்தனை பிள்ளைகள் வருவார்கள், அதற்கு எத்தனை அறை வேண்டும், வேறு கோரிக்கை உண்டா என்று மூன்றே கேள்வி. ஏப்ரல் இருபத்தைந்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

மாடசாமி எழுந்து கரும்பலகைக்குப் போனார். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். சர்வேப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம், எல்லாம் பர்மனெண்ட் உத்தியோகம். கண்ணையன் வெயிலில் கல் மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் இவர் குடைக்குக் கீழே கருவி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். அப்போதும் கண்ணையன் இவரை 'சார்' என்று கூப்பிட்டார், இப்போதும் 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார். அந்தச் 'சார்' கண்ணையனுக்குத் தொண்டையில் கொஞ்சம் மாட்டும்.

பலகையில் நான்கு எண் விழுந்தது. 161, 170, 179, 188.

"நாலு வருஷ ரிஜிஸ்டர். வருஷத்துக்கு ஒன்பது பிள்ளை ஏறுது. ஜூன்ல நூத்தித் தொண்ணூத்தேழு. ரெண்டு ரூம் போதும்" என்றார் மாடசாமி.

கண்ணையன் சிரித்தார். பக்கத்து வகுப்பு அமைதியாகிற அளவுக்குச் சிரித்தார்.

"சர்வேயர் சார், ரெண்டு வருஷத்துல எம் பட்டறையிலேர்ந்து தொண்ணூத்தாறு வூட்டுக்குக் கல்லு போயிருக்கு. தொண்ணூத்தாறு வூடு! வூட்டுக்கு ஒரு புள்ளன்னு வச்சாலும் இன்னா ஆச்சு? ஒம்பதாம், ஒம்பது! சில வூட்ல ரெண்டு இருக்கும், முந்நூறு வரும். நாலு ரூம்பு கேளுங்க."

"கல்லு ஏறினா புள்ள ஏறுமாய்யா? ரிஜிஸ்டர் சொல்லுதுல்லா."

"ரிஜிஸ்டரு போன வருஷத்தத்தான் சொல்லும். என் கல்லு வர்ற வருஷத்தச் சொல்லும்."

குழுவில் எல்லோருக்கும் நான்கு அறை என்றதும் இனித்தது. கைகள் உயர்ந்தன, தீர்மானம் எழுதியாயிற்று. கண்ணகி மட்டும் பேனாவை மூடாமல் வைத்திருந்தார்.

"ஐயா, கையெழுத்து நான்தான் போடணும். ஆபீஸ்லேர்ந்து வந்து தலைய எண்ணுவாங்க. நாம சொன்னது அங்க இல்லேன்னா, அப்புறம் நம்ம ஸ்கூல் பேப்பரைப் பல வருஷத்துக்குத் தொடவே மாட்டாங்க. முந்நூறுக்கு எனக்கு ஒரு ஆதாரம் வேணும்."

"நானே எண்ணிக் குடுக்கறேன் டீச்சர். கண்ணையன் எண்ணுனா எண்ணுனதுதான்."

பள்ளி கேட்டுக்கு வெளியே பந்தயம் நடந்தது. இருபத்தைந்தாம் தேதிக்குள் முந்நூறைக் காட்டினால் மாடசாமி ஐயாயிரம் தர வேண்டும், காட்டாவிட்டால் கண்ணையன்.

"எண்றது யாரு?" என்றார் கண்ணையன்.

"நீரே எண்ணும் வே. டிப்பர் கணக்குல ஒரு நடை தப்பாத ஆளாச்சே. உம்ம வாயால என்ன சொல்லுதீரோ அதை ஒத்துக்கிடுதேன்."

இந்த ஒரு வார்த்தையில்தான் கண்ணையன் மாட்டினார். அப்போது அவருக்கு அது மரியாதையாகத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை ஏழரைக்கு, காலனி முகப்பில் இருக்கும் டீக்கடைப் பெஞ்சில் இடது பையில் கல்லோடு உட்கார்ந்தார். உள்ளூர்ப் பள்ளியை விட்டுவிட்டு டவுன்ஷிப் பள்ளிகளுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் அந்த வழியாகத்தான் ஆட்டோவில் போக வேண்டும். இங்கே அறை கட்டினால் அவர்கள் எல்லாம் திரும்பி வந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. ஆட்டோ கடக்கக் கடக்கக் கல் மாறியது. பதினெட்டுக் கல். ஆட்டோவுக்கு ஏழு பிள்ளை. பதினெட்டேழு நூற்றிருபத்தாறு, இருக்கிற நூற்றெண்பத்தெட்டோடு சேர்த்தால் முந்நூற்றுப் பதினாலு. மூன்று நாள் உட்கார்ந்தார். மூன்று நாளும் பதினெட்டுதான். ஒரு பதினாலு பிள்ளையைத் தள்ளுபடி பண்ணினாலும் முந்நூறு கையில் நிற்கிறது.

அன்று சாயங்காலத்துக்குள் கறிக்கடை, சலூன், பட்டறை எல்லா இடத்திலும் செய்தி போய்விட்டது. கண்ணையன் எண்ணிவிட்டார்.

நான்காம் நாளும் போய் உட்கார்ந்தார். தேவையே இல்லை. சும்மா, ஜெயித்தவன் களத்தைப் பார்க்கிற மாதிரி. பக்கத்தில் அம்சவல்லி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். அவர் ஊர்ப் பெண், முறையில் மகள். டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை.

"இன்னா பெரியப்பா, கல்ல எடுத்து அந்தப் பையிலயும் இந்தப் பையிலயும் போட்டுகினு இருக்கீங்க? வேண்டுதலா?"

"வண்டி எண்றேன்மா. ஸ்கூல் கணக்கு. தோ, இது ஏழாவது வண்டி."

அம்சவல்லி எட்டிப் பார்த்தாள். "ஐயய்ய, இது இப்ப போன வண்டிதான? பின்னாடி கண்ணாடில மூஞ்ச ஒட்டிகினு போவுதே பச்ச ரிப்பன், அது எம் பொண்ணு."

"அதெப்படி? அந்த வண்டி போயிடுச்சே."

"எங்க போச்சு? கெழக்குத் தெருவுல நாலு புள்ளய ஏத்திகினு இப்படி வந்துச்சா, அப்புறம் மேற்குத் தெருவுக்குள்ள பூந்து மிச்சத்த ஏத்திகினு திரும்ப இப்படித்தான வெளிய போவணும்? எல்லா ஆட்டோவும் அப்படித்தான். நடுவுல வழி ஏது, ஓடை கிடக்குது."

கண்ணையன் கையில் கல் அப்படியே நின்றது. லோடு ஏற்றிய டிப்பர் கணக்குக்காரனை இரண்டு தரம் கடக்காது. போனால் போனது, திரும்பி வந்தால் காலியாகத்தான் வரும். ஐம்பது வருஷமாக அவர் கண்ணுக்குப் பழக்கம் அது. பிள்ளை ஏற்றிய ஆட்டோ அதே பிள்ளையோடு திரும்பவும் வந்து முன்னால் போகும் என்று அவர் எங்கே கண்டார்? பதினெட்டு நடை என்றால் வண்டி ஒன்பதுதான். ஒன்பதேழு அறுபத்துமூன்று. நூற்றெண்பத்தெட்டும் அறுபத்துமூன்றும் இருநூற்றைம்பத்தொன்று. அத்தனை பேரும் வந்தால்கூட முந்நூறு இல்லை.

ஐயாயிரம் அந்த நிமிஷம் கடனாயிற்று.

ஆனாலும் மனுஷனுக்கு வேறொன்று உறுத்தியது. "ஏம்மா, உம் பொண்ணு மூணாவதுதான? நம்ம ஸ்கூலு வூட்டாண்டயே கிடக்கறப்ப அத்தினி தூரம் ஏன் அனுப்பற? ரூம்பு இல்லன்னா?"

"ரூம்ப யாரு பாத்தா? பெரியவன் எட்டாவது முடிச்சுட்டான். இங்க ஒம்பதாவது ஏது? டவுன்ஷிப்புல சேத்தேன். அவன் போற ஆட்டோவுல சின்னதையும் ஏத்திவுட்டா அரைக்காசுதான். எனக்கு ஒரு வாரம் காலைல ஷிப்டு, ஒரு வாரம் மதியம். சின்னது தனியா இங்க இருந்தா யாரு கூப்பிட்டுகினு வர்றது? அண்ணன்கூட போவுது, அண்ணன்கூட வருது. நீங்க நாலு ரூம்பு இல்ல, நாப்பது ரூம்பு கட்டுங்க, நான் கொண்டாந்து சேக்க மாட்டேன்."

பஸ் வந்தது, அவள் ஏறிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மூன்று வாரம் கண்ணையன் மாடசாமி வீட்டுத் தெருவில் கால் வைக்கவில்லை. தூரத்தில் அவர் தலை தெரிந்தால் பட்டறைக்குள் போய்ச் சிமெண்ட் மூட்டையை எண்ணினார். மனைவி கலியம்மாள் கவனித்துவிட்டாள்.

"ஏங்க, கெலிச்சவரு அந்தாளா நீங்களா? நீங்க ஏன் பம்மிகினு கிடக்கறீங்க?"

விஷயத்தைச் சொன்னார். கலியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஊரு பூராவும் சொல்லிட்டீங்க. எல்லாருக்கும் நாலு ரூம்பு வேணும். உங்களத் தவுர யாரு எண்ணப் போறா? பேசாம இருந்தா போச்சு."

பேசாமல் இருக்கலாம்தான். ஆனால் கையெழுத்து கண்ணகி போடுவது. தலையை எண்ண வருகிறவர்கள் முன்னால் நிற்கப்போவதும் கண்ணகிதான். அதைவிட இன்னொன்று, உண்மையைச் சொன்னால் அதுதான் அவரைத் தூங்கவிடாமல் பிடுங்கியது: தொண்ணூற்றாறு வீட்டுக்குக் கல் போனது பொய்யில்லை, ரிஜிஸ்டரில் ஒன்பது ஏறியதும் பொய்யில்லை. இரண்டும் நிஜமென்றால் நடுவில் பிள்ளைகள் எங்கே போயின?

அதைத் தெரிந்துகொள்ளாமல் விட முடியவில்லை. காலையில் ஆட்டோ நிற்கிற இடத்துக்குப் போனார். அம்சவல்லி பிள்ளைகளை ஏற்றிப்போகும் அறிவுச்செல்வன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உன் வண்டில இன்னிக்கு நானும் வர்றேன்."

"எல்கேஜிங்களா ஐயா? மடியில வச்சாதான் இடம் இருக்கு."

"மூணாவதுதான் பாஸாவல. அங்க கொண்டுபோய் வுடு."

வண்டிக்குள் சிரிப்பு அடங்க ஒரு தெரு ஆயிற்று. டிரைவர் பக்கத்தில் ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டார். நீ எத்தனாவது, உங்கூட யாரு வர்றது. இந்தத் தடவை மூன்று வகைக் கல். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு வெள்ளைக் கல். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிற தம்பி தங்கைக்குக் கறுப்புக் கல். வேறு காரணத்துக்காகப் போகிற பிள்ளைக்குச் செங்கல் சில்லு. நாளைக்கு ஒரு வண்டி, ஒன்பது நாளில் ஒன்பது வண்டி. ஒரு வண்டியில் ஐந்து இருந்தது, ஒன்றில் ஒன்பது நசுங்கியது, மொத்தத்தில் அறுபத்துமூன்றே வந்தது. திண்டிவனத்தில் பொறியியல் படித்தவன் போட்டாலும் இதைத்தான் போடுவான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வெள்ளை இருபத்துநாலு. கறுப்பு முப்பத்தொன்று. சில்லு எட்டே எட்டு.

பத்தாம் நாள் பள்ளிக்குப் போனார். கண்ணகி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"டீச்சர், டிசி குடுக்கற நோட்டு இருக்குங்களா? போன ஜூன்ல எட்டாவது முடிச்சி எத்தினி போச்சு?"

"இருபத்தொண்ணு."

"அதுங்ககூடவே எத்தினி தம்பி தங்கச்சி டிசி வாங்கிச்சு?"

"அப்படித் தனியா யாரும் பார்த்ததில்லையே ஐயா." கண்ணகி விரலை வைத்து அப்பா பெயரை அப்பா பெயரோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டே போனார். டப்பாவில் சோறு காய்ந்தது. "பதினேழு" என்றார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"புதுசா சேந்தது?"

"ஒண்ணாவதும் மத்த கிளாஸும் சேர்த்து நாப்பத்தேழு."

"நாப்பத்தேழு வந்துச்சு. இருபத்தொண்ணும் பதினேழும் முப்பத்தெட்டு போச்சு. மிச்சம்?"

கண்ணகி எழுந்து போய்க் கரும்பலகையில் ஒன்பது என்று எழுதினார்.

ஏப்ரல் இருபத்தைந்து. காலை பதினோரு மணிக்குக் குழு கூடியது. நிரப்பிய படிவம் மேஜைமேல் கிடந்தது. எண்ணிக்கைக் கட்டத்தில் பென்சிலால் 300. கண்ணகி மட்டும் கண்ணையன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவராகச் சொல்லட்டும் என்று விட்டிருந்தார்.

கண்ணையன் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"அந்த முந்நூறு தப்பு. அழிச்சிடுங்க."

நாற்காலிகள் நகர்ந்தன. பின்னாலிருந்து ஒரு அம்மா, "நாலு ரூம்புன்னு சொன்னீங்களேங்க!" என்றாள். ஒருவர், "ஒரு நடை தப்பாத ஆளு!" என்று இழுத்தார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கண்ணையன் காது சிவந்தது. ஐம்பது வருஷத்தில் அவர் கணக்கைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

"சிரிங்க. ஒரே வண்டிய ரெண்டு தபா எண்ணிப்புட்டேன். தப்புப் பண்ணவனும் நான்தான், அந்தத் தப்ப ஆட்டோவுல தொங்கிகினு போயி கண்டுபுடிச்சவனும் நான்தான். உங்கள்ல எவன் கண்டுபுடிச்சீங்க? இப்ப கேளுங்க."

சொன்னார். ஆட்டோவை, அண்ணன் பின்னால் போகிற தங்கையை, டிசி நோட்டை, முப்பத்தெட்டை. மூன்று கல்லையும் மேஜைமேல் வைத்துக் காட்டினார். "ரூம்பு பத்தாம புள்ளைங்க போவுல. ஒம்பதாவது இல்லாம போவுது. பெருசு போனா சின்னதையும் இழுத்துகினு போவுது. வெறும் ரூம்பு நாலு கட்டினா நாலும் பூட்டித்தான் கிடக்கும். ஒம்பதாவதக் கேளுங்க. அது வந்துட்டா வருஷத்துக்கு முப்பத்தெட்டு போவாது, வெள்ளையும் கறுப்புமா போன அம்பத்தஞ்சுல முக்காவாசி திரும்பும். அப்ப சர்வேயர் சார் ரெண்டு ரூம்பும் பத்தாது, என் நாலும் பத்தாது."

மாடசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வருஷா வருஷம் ஒன்பது, ஒன்பதுன்னு நான்தான் போர்டுல எழுதினேன்" என்றார். "அது ஏன் ஒன்பதுன்னு ஒரு நாளும் கேக்கத் தோணல வே."

"உங்களுக்குக் குடை இருந்துச்சு சார். எனக்கு வெயிலு. எனக்குத் தோணும்."

"சரிய்யா, ரொம்பத்தான்." மாடசாமி படிவத்தை இழுத்துப் பார்த்தார். "டீச்சர், இப்போதைக்கு ரூம் ரெண்டே கேளுங்க. ஆனா அஸ்திவாரமும் பில்லரும் மாடிக்குத் தாங்குற மாதிரி போடணும்னு எழுதிருங்க. ஒன்பதாவது வந்தா மேல ஏத்திக்கிடலாம். கீழ மண்ணு எப்படின்னு நான் பாத்துச் சொல்லுதேன்."

"அஸ்திவாரத்துக்கு மேல வர்ற கல்லுல பாதி என் செலவு" என்றார் கண்ணையன். "எழுதிக்கங்க. பேரு பெருசா எழுதுங்க."

கண்ணகி 300-ஐ அழித்தார். 197 என்று பேனாவாலேயே எழுதினார். 'வேறு கோரிக்கை' என்ற கட்டம் சின்னது. ஒன்பதாம் வகுப்பு தொடங்க வேண்டுமென்று எழுத ஆரம்பித்தவருக்கு இடம் போதவில்லை. தனித்தாள் வைத்து, டிசி நோட்டிலிருந்து பெயர்களை எடுத்து, அண்ணன் பெயருக்குக் கீழே தங்கை பெயராக வரிசை போட்டார். வருவார்களா, பார்ப்பார்களா, கொடுப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எண்ண வந்தால் எண்ணிக் காட்ட ஆள் இருந்தது. கையெழுத்து விழுந்தது. எல்லோரும் கலைந்தார்கள்.

மாடசாமி மட்டும் போகாமல் வாசற்படியில் நின்றிருந்தார்.

"என்ன வே, மூணு வாரமா ஆளையே காணோம்?"

"வேலை."

"பட்டறைக்குள்ள சிமெண்ட் மூட்டைய மூணு தடவை எண்ணினீராம். உம்ம ஆளுங்கதான் சொன்னானுவோ."

கண்ணையன் சட்டைப் பைக்குள் கையை விட்டார். "இந்தாங்க சார், கவரோட வச்சுக்கங்க."

"கவர் எதுக்கு? நான் என்ன கல்யாணத்துக்கா வந்திருக்கேன்? எண்ணிக் கொடும்." மாடசாமி வலது கையை நன்றாக விரித்து நீட்டினார். "உம்ம எண்ணிக்கைய இப்ப நம்ப முடியல, பாரும்."

ஆசிரியர் அறையிலிருந்து கண்ணகி சிரிக்கிற சத்தம் கேட்டது. கண்ணையன் கவரைக் கிழித்தார். எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டையும் இரண்டாக ஒட்டியிருக்கிறதா என்று தேய்த்துப் பார்த்து, ஐந்நூறு ஐந்நூறாக அந்த உள்ளங்கையில் வைத்தார். கூடவே சத்தமாக எண்ணினார், ஒன்று, இரண்டு என்று, வராந்தாவில் இரண்டாம் வகுப்பும் சேர்ந்து சொல்ல ஆரம்பிக்க, பத்து வரைக்கும்.